பனமலைக்காரர் சொன்னபடி

மாவுக்கட்டைப் பிரித்த அன்று எனக்கு வலி இல்லை. கை மெலிந்து, தோல் உரிந்து, ஆறு வாரம் வெளிச்சம் படாத நிறத்தில் இருந்தது, அவ்வளவுதான். "எலும்பு நல்லா கூடிடுச்சு. இனிமே பயமில்லை" என்று திண்டிவனத்து எலும்பு மருத்துவர் சொன்னார். நானும் நம்பினேன்.

நான் விழுந்தது மார்கழி மாதத்தில். பிரம்மதேசத்துப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. வீடு திண்டிவனத்தில். தினமும் ஸ்கூட்டியில்தான் போய்வருவேன். அறுவடைக் காலத்தில் அந்தச் சாலையில் கேப்பைக் கதிரைப் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துத் தானியம் உதிரும். வருடா வருடம் அதன்மேல் ஓட்டிப் பழகியவள்தான் நான். அன்று காலையில் பனி ஈரம். முன்சக்கரம் சறுக்கியது தெரிந்தது. வலது கையைத் தரையில் ஊன்றியது தெரிந்தது. அதற்குப் பிறகு ஆறு வாரம் கட்டு.

கட்டுப் பிரித்த மூன்றாம் நாள், குளித்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே வந்து நின்றேன். வலது கையின்மேல் காற்று பட்டது. கொதிக்கிற எண்ணெயை ஊற்றியது போல இருந்தது. கத்திவிட்டேன். என் கணவர் ஓடிவந்து பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை. கொப்புளம் இல்லை, காயம் இல்லை. விரல்கள் மட்டும் சற்று உப்பி, தோல் மெழுகு தேய்த்ததுபோல் மினுமினுத்தது.

"காத்து பட்டதுக்கா இப்படிக் கத்துற?" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். கண்ணால் பார்ப்பதை வைத்தே எதையும் முடிவுசெய்து பழகியவர். அன்றிலிருந்து வீட்டில் விசிறி போடவில்லை. படுக்கை விரிப்பு கையில் உரசினால் வலித்தது. பக்கத்து வீட்டில் கதவை அறைந்து சாத்தினால்கூட அந்தச் சத்தம் கையில் வந்து விழுந்தது. நான் அழுதால் அவர் முதலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வாரம் போனதும், "எலும்பு கூடிடுச்சுன்னு டாக்டரே சொல்றாரு. அப்புறம் எதுக்கும்மா அழுவுற? மனசுல எதுனா வெச்சிக்கினு இருக்கியா?" என்று கேட்டார்.

திரும்பவும் எலும்பு மருத்துவரிடம் போனோம். எப்போதும் சிரித்துப் பேசுகிற மனிதர். என் கையைத் தொடப்போய், தொடாமல், இரண்டு கைகளையும் மேசைமேல் அருகருகே வைக்கச் சொன்னார். இடது கை என் கையாக இருந்தது. வலது கை சிவந்து, அதைவிடப் பெரிதாக, வேறு யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. அவர் சிரிப்பு நின்றது.

"விழுப்புரத்துல கைக்குன்னே பிசியோதெரபி பண்ற மேடம் ஒருத்தங்க இருக்காங்க. நாளைக்கே போங்க."

"அடுத்த வாரம் போகட்டுமா சார்? இவருக்கு லீவு..."

"நாளைக்கே."

அந்த ஒற்றைச் சொல்தான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

வாரத்தில் நான்கு நாள் விழுப்புரம் போனேன். பேருந்தில் தூக்கிப்போடும் என்பதால் ரயில். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போகும் வண்டி. ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன். கையைப் பழைய பருத்தித் துண்டில் தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாரும் இடித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு நிலையத்திலும் கதவையே பார்த்திருப்பேன்.

சிகிச்சை நடக்கும் இடம், நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. நீளமான ஓர் அறை. மெழுகு உருக்கும் பாத்திரத்தின் வாடை எப்போதும் இருக்கும். மேசையில் வெந்நீர் ஒரு பேசின், குளிர்ந்த தண்ணீர் ஒரு பேசின். சுவரோரம் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சு. மேடத்துக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வளையல்களை முழங்கை வரை ஏற்றி ரப்பர் பேண்டு போட்டிருப்பார், நோயாளியின் கைமேல் உரசக் கூடாது என்பதற்காக. அதைப் பார்த்ததுமே இவருக்கு என் வலி புரியும் என்று தோன்றியது.

"எலும்பு சரியாயிடுச்சு டீச்சர். ஆனா உங்க நரம்புக்கு அது தெரியல. இன்னும் ஆபத்துல இருக்கோம்னு நெனச்சிக்கினு கத்திக்கினே இருக்குது. நாம அதுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தரணும், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு."

"எவ்ளோ நாள் ஆவும்?"

அவர் பஞ்சைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். "கையை அசைக்காம மட்டும் வெச்சிக்காதீங்க. எவ்ளோ வலிச்சாலும்" என்றார்.

முதலில் பஞ்சால் தடவினார். பஞ்சுதான். பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வெந்நீரில் மூன்று நிமிடம், தண்ணீரில் ஒரு நிமிடம், மாற்றி மாற்றி. வெந்நீரிலிருந்து கையை எடுத்த ஒரு தடவை, பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்ப்பதைக் கவனித்தேன்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, முழுக்கை. வலது கையை ஓர் ஈரிழைத் துண்டால் போர்த்தி மடியில் வைத்திருந்தார். நான் துவட்டிக்கொண்டு பெஞ்சுக்கு வந்ததும் கேட்டார்.

"கட்டுப் பிரிச்சு மூணு வாரமாங்க?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"கலரைப் பாத்தா தெரியும். வேர்க்க ஆரம்பிச்சிடுச்சா?"

"இல்லீங்களே."

"வேர்க்கும்" என்றார். மிரட்டுவதுபோல் இல்லை. அடுத்து வரும் நிலையத்தின் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது.

அவர் பனமலைப் பக்கத்து விவசாயி. சொந்த நிலம், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் நெல்லும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கிணற்று மோட்டார் குழாயைத் தூக்கும்போது இரண்டு விரல்கள் நசுங்கின. நகம் ஒன்று போனது, அவ்வளவுதான். எலும்புகூட முறியவில்லை. இதை எல்லாம் அவரே சொன்னார். துண்டை மட்டும் விலக்கவில்லை.

அந்த வாரமே, முண்டியம்பாக்கம் தாண்டும்போது மடி நனைந்திருப்பதுபோல் இருந்தது. துண்டைப் பிரித்துப் பார்த்தேன். வலது உள்ளங்கையிலிருந்து வேர்வை சொட்டியது. இடது கை காய்ந்து கிடந்தது. ஒரே உடம்பில் ஒரு கை மட்டும் வேர்ப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண் பார்த்துவிட்டுத் தன் குழந்தையை அந்தப் பக்கம் நகர்த்தி உட்காரவைத்தாள்.

மாடி ஏறியதும் பனமலைக்காரர் என் கையிலிருந்த ஈரத் துண்டைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

"அடுத்தது முடி வளருங்க. நகமும் ஜல்தியா வளரும். வளைஞ்சிக்கினு வளரும்."

பத்து நாளில் வலது முன்கையில் கறுத்த முடி, ஆண்களுக்கு வளர்வதுபோல், மணிக்கட்டு வரை வந்தது. இடது கை நகம் வெட்ட வேண்டிய அளவுக்கு வளரவில்லை. வலது கை நகங்களை இரண்டு முறை வெட்டியாயிற்று. வெட்டும்போது என் கணவர்தான் விரலைப் பிடித்தார். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் அன்று போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது பயம். சந்தேகமே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மேடத்திடம் சொன்னேன். "முடி வளரும், நகம் வளரும்னு அவர் முன்னாடியே சொன்னாரு. அப்படியே ஆவுது."

மேடம் பஞ்சைக் கீழே வைத்தார். "அவரு உங்ககிட்ட பேசறாரா?" பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பனமலைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தார். மேடம் குரலைத் தாழ்த்தினார். "எல்லாருக்கும் எல்லாமே வரணும்னு இல்ல டீச்சர். நீங்க மூணாவது வாரமே வந்துட்டீங்க. அவரு எண்ணெய் தடவிக்கினு, கையைத் தூக்கிக் கட்டிக்கினு எட்டு மாசம் வீட்ல இருந்துட்டு வந்தவரு. வேணும்னா உங்க டைமை சாயங்காலத்துக்கு மாத்தட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை. ரயில் நேரம் ஒத்துவராது என்று ஒரு காரணம் சொன்னேன். உண்மை வேறு. எல்லாரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள். என்ன வரப்போகிறது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். கணக்கு சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அடுத்த வரி தெரியாமல் இருப்பது தாங்கவில்லை. அடுத்ததைக் கேட்கவே நான் மாடி ஏறினேன் என்றுகூடச் சொல்லலாம். அதே சமயம், அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் பெஞ்சைவிட்டு எழுந்து போய்விடத் தோன்றியது.

மாசி போய் பங்குனி பிறந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தேன். பஞ்சு போய், மென்மையான துணி, பிறகு சொரசொரப்பான துணி, பிறகு ஒரு கிண்ணத்தில் அரிசி போட்டு அதற்குள் விரல்களை நுழைத்து எடுப்பது என்று சிகிச்சை நகர்ந்தது. விரல்கள் உள்ளங்கையைத் தொட இன்னும் மூன்று அங்குலம் இருந்தது. மேடம் சின்ன ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவார். இரண்டு வாரமாக அந்த மூன்று குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடிச் சிகிச்சை ஆரம்பித்தது. மேசைமேல் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். வலது கை கண்ணாடிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல். இடது கை முன்னால். இடது கையை விரித்து மூடினால், கண்ணாடிக்குள் ஒரு வலது கை விரிந்து மூடும். வீக்கம் இல்லாத, சிவப்பில்லாத, என் பழைய வலது கை.

"அதையே பாருங்க. அதுதான் உங்க வலது கைன்னு நெனச்சிக்கோங்க" என்றார் மேடம்.

பார்த்தேன். முதல் முறை அழுகை வந்தது. அந்தக் கை அவ்வளவு அழகாக இருந்தது. பிறகுதான் வினையாயிற்று. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க, கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது எனக்கு வேண்டாததாகிவிட்டது. பதினைந்து நிமிடம் முடிந்து கண்ணாடியை எடுத்ததும், அங்கே கிடந்ததைப் பார்த்து உடம்பு கூசியது.

பெஞ்சிலிருந்து பனமலைக்காரர் கேட்டார். "சூடு போயிடுச்சா டீச்சர்?"

தொட்டுப் பார்த்தேன். கொதித்துக்கொண்டிருந்த கை, குளிர்ந்திருந்தது. சிவப்பும் இல்லை. நீலம் பாய்ந்த வெளுப்பு.

"சில்லுன்னு ஆனதும் வலி கொறைஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்படுவீங்க. படாதீங்க." மடியிலிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "இதுக்கப்புறம் ஒண்ணே ஒண்ணுதான். அது உங்க கையா இருக்காது."

அன்றுதான் முதல் முறையாகத் துண்டை விலக்கிக் காட்டினார். ஐந்து விரல்களும் உள்ளே மடங்கி, கட்டைவிரல் மற்ற நான்குக்கும் அடியில் புதைந்து, ஒரு முஷ்டி. பிரிக்கவே முடியாத முஷ்டி. நகங்கள் உள்ளங்கையைக் குத்தாமல் இருக்க நடுவில் ஒரு பஞ்சுச் சுருள் வைத்திருந்தார். தோல் எலும்போடு ஒட்டி, மழையில் நனைந்த காகிதம்போல் வெளுத்திருந்தது.

"இது யாரோடதுன்னே எனக்குத் தெரியல" என்றார். "கூடவே வருது."

அதன்பிறகு அவர் அடுத்தது எதையும் சொல்லவில்லை. சொல்ல இன்னும் ஏதாவது இருந்ததா என்று நானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததை இங்கே எழுதியாக வேண்டும். அடுக்களையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இடது கையால் தள்ளித் தள்ளி நறுக்க ஓரளவு பழகியிருந்தேன். வலது கை அரிவாள்மனைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. அதைப் பார்த்தேன். நறுக்க வேண்டிய துண்டுகளுள் அதுவும் ஒன்று போல இருந்தது. கோபம் இல்லை, துக்கம் இல்லை. மிச்சமிருக்கும் வேலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"டீ போடட்டுமா?" என்று கூடத்திலிருந்து கணவர் கேட்டார்.

எழுந்துவிட்டேன். அரிவாள்மனையைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, அவரைக் கூப்பிட்டுப் பரண்மேல் வைக்கச் சொன்னேன். "ஒத்தைக் கையால நறுக்க முடியல" என்றேன். அவர் நம்பினார். மீதிப் பரங்கிக்காயை அவரே கத்தியால் கோணல்மாணலாக நறுக்கினார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேடத்திடம்கூட. சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்தால் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டேன்.

பங்குனி வெயிலில், மருந்துக்கடைக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு ஓர் அம்மா கரும்பு ஜூஸ் கடை வைத்திருந்தார். மோட்டாரில் ஓடும் மெஷின், இரண்டு இரும்பு உருளைகள். பனமலைக்காரர் அங்கே நிற்பதை ஒரு நாள் பார்த்தேன். கையில் டம்ளர் இல்லை. வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். மறுபடி ஒரு நாள் பார்த்தேன், அப்போதும் டம்ளர் இல்லை. உருளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது முறை நான் ஜூஸ் வாங்கப் போயிருந்தேன். அவர் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ மொத்தமா இருந்தாலும் உள்ள இழுக்குமாம்மா?"

"இழுக்கும்ங்க. கணுவோட குடுத்தாகூட இழுத்துடும்" என்றார் அந்த அம்மா பெருமையாக. "ஏன், மெஷின் வாங்கப் போறீங்களா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி எதைப் பற்றியது என்று எனக்குத் தெரிந்தது. அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு நிலையத்துக்கு நடந்தேன். திரும்பி மாடி ஏறி மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று ரயில் இருபது நிமிடம் தாமதம்.

அது நடந்தது சித்திரையில், ஒரு புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். சிகிச்சை முடிந்து படியிறங்கினேன். தெருவில் கூட்டம் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜூஸ் கடை அம்மா குனிந்து பெட்டியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். பனமலைக்காரர் உருளைகளுக்கு அந்தப் பக்கம் நின்றார். கையிலிருந்த ஈரிழைத் துண்டை எடுத்தார். அதை உதறி, முகவாய்க்கட்டையில் இடுக்கிக்கொண்டு ஒரு கையாலேயே நான்காக மடித்து, கரும்புக் கட்டின்மேல் வைத்தார். கோயிலுக்குள் போகிறவர் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பதுபோல் அவ்வளவு நிதானம்.

அந்த மடிப்பைப் பார்த்துத்தான் கத்தினேன்.

"நிறுத்து! மெஷினை நிறுத்து!"

இருபது வருடம் வகுப்பில் கத்திய குரல். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அந்த அம்மா என்ன ஏது என்று பார்க்காமல் சுவிட்சைத் தட்டிவிட்டார். உருளைகள் உடனே நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று சுற்றி நின்றன. நான் ஓடினேன். அவருடைய சட்டைக் கையின் பட்டி உருளைகளுக்கு நடுவே போய்விட்டிருந்தது. கை போகவில்லை. முஷ்டிக்கும் இரும்புக்கும் நடுவே நான்கு விரல் அகலம்கூட இல்லை.

"ஐயோ, இன்னாய்யா பண்ற? என் கடையிலயா?" அந்த அம்மா சக்கரத்தைக் கையால் பின்பக்கம் சுற்றித் துணியை விடுவித்தார். பட்டியில் சாறு ஊறிப் பச்சையாக இருந்தது.

பனமலைக்காரர் அசையவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும்ல டீச்சர்" என்றார். "தெரிஞ்சிக்கினே எதுக்குக் கத்துனீங்க?"

கரும்புக் கட்டின்மேல் இருந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

சத்தம் கேட்டு மேடம் இறங்கி வந்தார். அவரும் மருந்துக்கடைக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்து மேலே கூட்டிப்போனார்கள். அவர் மறுக்கவில்லை. தன் வழக்கமான இடத்தில், பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தார். மேடம் அவர் மனைவிக்கு போன் செய்தார். நான் அன்று ஊருக்குத் திரும்பும் ரயிலை விட்டுவிட்டேன். எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி வந்துசேர ஒன்றரை மணி நேரமானது.

மனைவி வந்தபோது காலில் சேறு காயாமல் இருந்தது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். மேடம் நடந்ததைச் சொன்னார். மனைவிக்கு முதலில் புரியவில்லை.

"கை தொறந்துக்கினு வருதுன்னு சொன்னாரே. கரென்ட் வைக்கிறாங்க, இன்னும் ரெண்டு மாசத்துல வேலைக்குப் போலாம்னு சொன்னாரே."

மேடம் தரையைப் பார்த்தார். "நாலு மாசமா அவருக்கு இங்க ட்ரீட்மென்ட் எதுவும் இல்லம்மா. இனிமே என்னால முடியாது, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில நரம்புக்கு ஊசி போடுவாங்க, போங்கன்னு எழுதிக் குடுத்தேன். போவலை. வீட்ல இருக்க பேஜாரா இருக்கு, இங்க சும்மா உட்கார்ந்துக்கினு போறேன்னு கேட்டாரு. சரின்னு விட்டேன்."

மனைவி அவர் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். கிட்டே போய், சாறு ஊறிய சட்டைப் பட்டியைப் பிரித்து, கையை வெளியே எடுத்து, அந்த முஷ்டியைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு உயிர் போகிற மாதிரி வலித்திருக்கும். எனக்குத் தெரியும். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றே ஒரு வாடகைக் காரில் புதுச்சேரிக்குப் போனார்கள். கார் கிளம்பியதும் மேடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் தப்பு" என்றார். "உட்கார விட்டிருக்கக் கூடாது."

"எனக்கு முன்னாடியே தெரியும் மேடம்" என்றேன். மெஷினைப் பற்றி அவர் கேட்டதைச் சொன்னேன். பிறகு, நிறுத்த முடியாமல், அரிவாள்மனையையும் பரங்கிக்காயையும் சொன்னேன். அந்தப் படியில், மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போக, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. எழுந்து போய் என் கணவருக்கு போன் செய்தார். மறுநாள் காலை நாங்களும் புதுச்சேரியில் இருந்தோம்.

கழுத்தடியில் ஊசி போட்டார்கள், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. நரம்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். மனநல ஆலோசகரான ஓர் அம்மையார் தனியாக உட்காரவைத்து, கையைப் பற்றி நான் என்னென்ன நினைக்கிறேன் என்று பொறுமையாகக் கேட்டார். முதல் ஊசிக்குப் பிறகு கையில் கதகதப்பு வந்தது. கொதிப்பு இல்லை, வெறும் கதகதப்பு. விழுப்புரம் போவதை நிறுத்தவில்லை. வைகாசியில் ஸ்கேலில் மூன்று இரண்டாயிற்று. ஆனி பிறக்கும்போது முக்கால். துணி மாட்டும் கிளிப்பை இரண்டு விரலால் அழுத்தித் திறந்த அன்று மேடம் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார். பெஞ்சின் கடைசி இடத்தில் அதற்குள் வேறு யாரோ உட்கார ஆரம்பித்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் போகிறேன். கரும்பலகையில் என் எழுத்து மாறிவிட்டது. எட்டும் ஒன்பதும் சாய்ந்து விழுகின்றன. குளிர்காலத்தில் விரல் நுனிகள் நீலமாகின்றன. இன்னொரு முறை அடிபட்டால், அது இடது கையாக இருந்தாலும், இது திரும்ப வரலாம் என்று புதுச்சேரியில் சொல்லி அனுப்பினார்கள். அதனால் வெந்நீர்ப் பாத்திரம் இறக்கும்போதும், கூட்டமான பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போதும், பிள்ளைகள் வகுப்பைவிட்டுத் தள்ளிக்கொண்டு ஓடும்போதும் என் உடம்பு தானாகச் சுவரோரம் ஒதுங்குகிறது. அதற்கு இனி மாற்றம் வருமென்று தோன்றவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பனமலைக்காரரின் மனைவி. மேடத்திடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

"எப்படி இருக்காரும்மா?" என்றேன்.

"ஊசி போட்டாங்க. ரெண்டு விரலு லேசா நிமிந்திருக்கு. மத்தது நிமிராதுன்னு சொல்லிட்டாங்க. ராத்திரியில தூங்குறாரு. நான்தான் தூங்கறதில்ல. வீட்ல இருக்கற அருவா, கத்தியெல்லாம் என் தம்பி வீட்ல குடுத்து வெச்சிருக்கேன்."

"அவர்கிட்ட பேசலாமா?"

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுவதும் தண்ணீர் விழுவதும் கேட்டது.

"வேணாம் டீச்சர். அவரு உங்கமேல கோவமா இருக்காரு. அன்னிக்கே முடிஞ்சிருக்கும், அந்தம்மா கெடுத்துட்டாங்கன்னு சொல்லிக்கினே இருக்காரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எனக்குக் கோவமில்ல. அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன்."

தூரத்தில் ஓர் ஆண் குரல் யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டது. "யாருமில்ல" என்று அவர் பதில் சொன்னார். போன் துண்டிக்கப்பட்டது. அந்த எண்ணை நான் சேமித்து வைக்கவில்லை. அழிக்கவும் இல்லை.